எந்த வார்த்தையில் சொன்னாள்?

'குழந்தை மேற்கொண்டு படிக்க விருப்பமில்லை எனத் தெரிவித்தது.'

ஐந்து பக்க சமூக விசாரணை அறிக்கையில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது இந்த வரி. பத்தாம் வகுப்புச் சிறுமி. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. பங்குனி முதல் முகூர்த்தத்தில் அவளுக்குக் கல்யாணம் என்று குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யாரோ தகவல் சொல்லியிருந்தார்கள். எங்கள் சமூகப் பணியாளர் இரண்டு பேருந்து மாறிப் போய் விசாரித்துவிட்டு வந்து அறிக்கை எழுதியிருந்தார். ஓட்டு வீடு, தந்தைக்கு லோடு ஏற்றும் வேலை, ரேஷன் அட்டை விவரம், வயதுச் சான்று என்று எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள், அந்த வரியில் நின்றுவிட்டேன்.

"பிள்ளை எந்த வார்த்தையில சொன்னா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாட்டிதான் மேடம் சொன்னாங்க. பிள்ளை பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தா."

"தலையாட்டினாளா?"

"கவனிக்கல மேடம்."

அவர் பொய் எழுதவில்லை. படிவத்தில் குழந்தையின் கருத்துக்கு ஓர் இடம் இருந்தது. பாட்டியின் குரல் அந்த வீட்டிலேயே உரத்த குரல். அது தானாகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான் இது. பிள்ளையைக் கேட்டால் பெரியவர்கள் பதில் சொல்வார்கள். நாமும் அதைப் பிள்ளையின் பதிலாகவே எடுத்துக்கொள்வோம்.

மறுநாள் காலை பணியாளர் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் விடும் நேரத்துக்குப் போனார். எதுவும் விசாரிக்காமல் அந்தப் பெண்ணுக்குக் குடம் தூக்கிவிட்டார். மூன்றாவது குடம் நிரம்பிக்கொண்டிருந்தபோது அவளாகவே கேட்டாளாம்: "அக்கா, ஸ்கூல்ல ஹால் டிக்கெட் குடுத்துட்டாங்களா?"

முந்தைய நாள் ஐந்து பக்கங்களில் இல்லாத குழந்தை, இந்த ஒரு கேள்வியில் முழுதாக வந்து நின்றாள். அவள் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து தன் வாயால் பேசினாள். கல்யாணம் நின்றது. அந்த ஏப்ரலில் ஐந்து பாடமும் எழுதினாள். அவள் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் இதற்கு மேல் சொல்லவில்லை. சொன்னதிலும் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பத்து ஆண்டுகளுக்கு மேல் பணியாளர்களை மேற்பார்வை செய்தவள் நான். வேலையின் சட்டகம் எளிதாகத்தான் தோன்றும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது அந்தக் குழு. சமூக விசாரணையை 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். குழந்தையின் கருத்தைக் கேட்பதும், காப்பகத்தைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதும் அந்தச் சட்டமே சொல்லும் கோட்பாடுகள். கெடுவை நாட்காட்டி பார்த்துக்கொள்ளும். குழந்தையின் கருத்தைக் கேட்டோமா என்பதை எந்த நாட்காட்டியும் காட்டாது.

அதைக் கேட்க வேண்டியவர், பெரும்பாலும் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பணியாளர். ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். அவர் தலைக்கு மேல் எப்போதும் இரண்டு பயங்கள் தொங்கும். பிள்ளையைக் காப்பகத்தில் சேர்த்தால், "குடும்பத்தைக் கலைச்சிட்டாங்க" என்பார்கள். வீட்டிலேயே விட்டு நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால், "தெரிஞ்சும் விட்டுட்டாங்க" என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவருக்குப் படிவம் ஒரு குடை மாதிரி. எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டால் நம்மேல் குற்றமில்லை என்ற நிம்மதி வரும். அந்த நிம்மதியில்தான் குழந்தை காணாமல் போகிறது.

லண்டனில் 2000 பிப்ரவரியில் இறந்துபோன விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமியை இத்துறையில் இருப்பவர்கள் மறக்க முடியாது. ஐவரி கோஸ்டில் பிறந்தவள். நல்ல படிப்புக் கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் உறவுக்காரப் பெண்ணோடு அனுப்பிவைத்த பிள்ளை. அந்தப் பெண்ணும் அவளுடன் வாழ்ந்த ஆணும் செய்த கொடுமையில் உயிர் போனது. உடலில் 128 காயங்கள். லார்ட் லாமிங் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2003-இல் வெளிவந்தது. அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் கிடைத்தும் தவறவிடப்பட்டன என்றது அது. ஹாரிங்கே உள்ளாட்சி மன்றத்தில் அவளுக்குப் பொறுப்பாக இருந்த சமூகப் பணியாளர் அவளைச் சந்தித்தது நான்கே முறை; மொத்தமும் சேர்த்து அரை மணி நேரத்துக்கும் குறைவு.

முதல்முறை படித்தபோது அந்தப் பணியாளர்மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் லாமிங் விரலை எங்கே நீட்டுகிறார் என்று புரிந்தது. அனுபவம் குறைந்த களப்பணியாளர்மேல் பழியைப் போட்டுவிட்டு மேலே இருப்பவர்கள் தப்பித்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் அழுத்திச் சொன்ன விஷயம். கோப்பைப் புரட்டியவர்கள் பலர். 'நீ அந்தப் பிள்ளையோடு பேசினாயா? என்ன சொன்னாள்?' என்று ஒருவர் உட்கார்ந்து கேட்டிருந்தால்? அந்த ஒருவரின் நாற்காலியில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றிய இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படித் தோன்றுவதற்கு முன்பே நான் ஒரு தவறு செய்திருந்தேன்.

அண்ணன் ஆறு வயது, தங்கை நான்கு வயது. தாய் இறந்துவிட்டாள், தந்தை போன இடம் தெரியவில்லை. இருவரையும் பிரித்துத் தனித்தனி இல்லங்களில் சேர்க்க வேண்டியதாயிற்று. எங்கள் புறத்தொடர்புப் பணியாளர்தான் கொண்டுபோய் விட்டார். இரவு எட்டு மணிக்கு மேல் அலுவலகம் திரும்பி என் மேசைக்கு எதிரே நின்றார். நான் கணினியிலிருந்து கண் எடுக்காமல் கேட்டேன்: "ஒப்படைச்சதுக்குக் கையெழுத்து வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன் மேடம்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து வேலையை விட்டார். அடையாள அட்டையை ஒப்படைக்க வந்த அன்றுதான் சொன்னார்: "அந்தப் பையன் என் துப்பட்டாவைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல மேடம். விரலை ஒவ்வொண்ணா நான்தான் பிரிச்சேன். அந்தத் துப்பட்டாவை இன்னும் துவைக்கல."

"உட்காருங்கம்மா" என்றேன். இரண்டு மாதத்துக்கு முன் அந்த இரவில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

அந்த இரண்டு மாதமும் அவர் களத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். இறக்கிவைக்க இடமில்லாத பாரத்தோடு ஒருவர் இன்னொரு வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே அழும் பிள்ளையின் கண்களைப் பார்க்க அவருக்கு எங்கிருந்து தெம்பு வரும்? சீக்கிரம் கேட்டு, சீக்கிரம் எழுதி, சீக்கிரம் வெளியே வந்துவிடத்தான் மனம் பார்க்கும். நான் அவரைக் கேட்காத கேள்வி, அவர் வாயால் எத்தனை குழந்தைகளிடம் கேட்கப்படாமல் போயிற்றோ. அந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். தன்னைக் கேட்க ஆள் உள்ளவரால்தான் பிறரைக் கேட்க முடிகிறது. வீட்டிலும் இதுதான். நாள் முழுக்க யாரும் ஒரு வார்த்தை கேட்காத தாய், பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் "வீட்டுப்பாடம் எழுதியாச்சா?" என்று மட்டும்தான் கேட்பாள். அவள் அன்பில் குறையில்லை. அவளை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு நாள், கோப்புகளை அலமாரியில் வைத்துவிட்டு ஒவ்வொரு பணியாளரோடும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். எந்த வீட்டை நினைத்தால் மனசு உறுத்துகிறது என்று கேட்பேன். 'ஆதாரம் எதுவும் இல்ல மேடம், ஆனா...' என்று இழுத்தால், அந்த 'ஆனா'வில்தான் நிற்போம். முடிவு கடினமாக இருந்தால் அவர் பெயருக்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டேன், பழி வந்தால் இருவருக்கும் வரட்டும் என்று. இதனால் எல்லாக் குழந்தைகளும் காப்பாற்றப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அறிக்கைகளில் மேற்கோள் குறிகள் வரத் தொடங்கின. குழந்தைகள் பேசியது அவர்கள் பேசிய வார்த்தையிலேயே வந்தது.

ஹால் டிக்கெட் கேட்ட பெண்ணின் இரண்டாவது அறிக்கையும் அப்படித்தான் வந்தது. மூன்றாம் பக்கத்தில் பழைய வரி இல்லை. அந்த இடத்தில் அவளுடைய கேள்வி மட்டும், அவள் கேட்டபடியே இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் பணியாளரை உட்காரச் சொன்னேன்.

"குழாயடியில நிக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் பேச ஆரம்பித்தார். பேனாவை மூடி வைத்தேன்.