காவலும் வேவும்

வீட்டுக்குக் காவல் தேடுவது குற்றமன்று. உழைத்துச் சேர்த்த பொருளையும் உடன் வாழும் உயிர்களையும் காப்பது இல்லறத்தானின் கடமையே ஆகும். பூட்டும் தாழும் நாயும் செய்துவந்த அந்தப் பணிக்கு இன்று கம்பியில்லாக் காமிரா வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் வங்கிகளும் நகைக் கடைகளும் மட்டுமே வைத்திருந்த கருவி, இப்பொழுது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெருநகரங்களைக் கடந்து, புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில், தமிழக ஊர்களோடு எல்லை பின்னிக் கிடக்கும் கரையாம்புத்தூர் போன்ற சிற்றூர்களையும் அது எட்டிவிட்டது.

எந்தக் காமிராவை வாங்குவது என்ற கேள்விக்குக் கடைக்காரர் விடை சொல்லிவிடுவார். வாங்கியதை எந்தத் திசை நோக்கிப் பொருத்துவது என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் நாமே. முன்னதைப் பற்றிப் பலரிடம் விசாரிக்கிறோம். பின்னதைப் பற்றி எவரிடமும் கேட்பதில்லை. அறத்தின் பொறுப்போ பின்னதில்தான் இருக்கிறது.

சிற்றூர்த் தெருவின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். எதிரெதிரே திண்ணைகள், நடுவே குறுகிய தெரு. நம் வீட்டு இறவாணத்தில் பொருத்தும் கருவி, நம் வாசற்படியைப் பார்ப்பதோடு நின்றுவிடாது. எதிர்வீட்டுக் கூடத்தையும் பார்க்கும். விடியலில் வாசல் தெளிக்கும் பெண்ணையும், கொல்லைக் கிணற்றடிக்குச் செல்பவரையும், கடன் கேட்க ஒருவர் வீட்டுக்குக் கூசிக் கூசி நடந்து வருபவரையும் அது பார்க்கும். பார்ப்பது மட்டுமா? பதிவும் செய்துகொள்ளும். இவர்களில் ஒருவரும் நம் வீட்டுக் கதவைத் தட்டியவர் அல்லர்.

இக்கருவியின் பிறப்பு வரலாறு நமக்கு ஒரு நல்ல பாடம் சொல்கிறது. நியூயார்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் செவிலியர், வேலை நேரம் காரணமாக வீட்டில் தனித்திருக்க நேர்ந்தது. அழைத்தால் காவலர் விரைந்து வருவதில்லை. அவரும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் சேர்ந்து 1966இல் விண்ணப்பித்து, 1969 டிசம்பரில் காப்புரிமை பெற்ற அமைப்பே வீட்டுக் காமிராக்களின் முன்னோடி. கதவில் உயரம் மாறி மாறிச் சில துளைகள். அவற்றின் வழியே காணும் காமிரா. உள்ளே ஒரு திரை. வாசலில் நிற்பவர் யார் என்று அறிவதே அப்பெண்மணியின் நோக்கம். எதிர்வீட்டுக்கு வந்தவர் யார் என்று அறிவதன்று. காவலுக்கும் வேவுக்கும் உள்ள எல்லைக்கோடு அந்தக் கதவிலேயே வரையப்பட்டுவிட்டது.

துருவித் துருவி ஆராய்வதைத் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. அனுமதி பெறாமல் பிறர் இல்லத்தில் நுழைவதை நூர் அத்தியாயம் தடுக்கிறது. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கலீஃபா உமர் (ரலி) இரவில் மதீனாவில் வலம் வருகையில் ஒரு வீட்டினுள் பாட்டொலி கேட்டுச் சுவரேறிப் பார்த்தார். மது அருந்துபவனைக் கண்டு கடிந்தார். அவனோ, தான் செய்த பிழை ஒன்று என்றால் கலீஃபா செய்த பிழைகள் மூன்று என்று எண்ணிக் காட்டினான்: துருவிப் பார்த்தது, வாசல் வழி வராதது, அனுமதியின்றி நுழைந்தது. உமர் அதனை ஏற்று அவனை மன்னித்துத் திரும்பினார். ஆட்சித் தலைவருக்கே சுவரேற உரிமையில்லை எனில், காமிராவைச் சுவரேற்றி வைக்க நமக்கு உரிமை ஏது? திருவள்ளுவரும் ஒற்றாடலை அரசியலில்தான் வைத்தார். இல்லறவியலில் அதற்கு இடமளிக்கவில்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆயினும் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த, இல்லத் தேவைக்காகத் திரட்டும் தரவுக்குப் பொருந்துவதில்லை. உடன் குடியிருப்போர் வாழும் பகுதியில் அவர்தம் சம்மதமின்றிக் காமிரா வைப்பது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் எனக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் கூறியது. ஐரோப்பாவிலோ, பொதுவழியையும் எதிர்வீட்டு வாயிலையும் பதிவு செய்யும் காமிராவை வெறும் வீட்டுக் காரியமாகக் கொள்ள இயலாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பரிலேயே தெளிவாக்கிவிட்டது. நம் நாட்டில் சட்டம் விட்டுவைத்திருக்கும் இந்த இடைவெளியை நம் மனச்சான்றுதான் நிரப்ப வேண்டும்.

மறுப்பாளர் கேட்கும் கேள்வியிலும் நியாயம் உண்டு. பிள்ளைகள் வளைகுடாவிலோ பிரான்சிலோ இருக்க, வயது முதிர்ந்த தாய் தனியே வாழும் வீட்டுக்கு யார் காவல்? தெருவைக் காட்டும் படத்தால் திருடன் பிடிபட்டால் ஊருக்கே நன்மைதானே? சென்னையில் 2017ஐ ஒட்டிய ஆண்டுகளில் காவல்துறை, ‘மூன்றாவது கண்’ என்று பெயரிட்டுப் பொதுமக்களைக் காமிரா பொருத்தச் சொன்னதும் இந்த நோக்கத்தில்தான். அதனை நாம் மறுக்கவில்லை. தெருவுக்குக் காமிரா தேவையெனில் தெருவார் கூடிப் பேசி, எங்கே வைப்பது, யார் பார்ப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது என்று முடிவு செய்யட்டும். அறிந்து இசைந்தது காவல். அறியாமல் நடப்பது வேவு. தாயாரின் கூடத்தில் வைப்பதாயினும் அவரிடம் கேட்டே வைக்க வேண்டும். பெற்றவள் என்பதால் அவர் கண்ணியம் குறைந்துவிடாது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும் இதுவே நியதி.

இன்னொன்றும் உண்டு. பதிவான காட்சி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காக்கத் தெரியாதவர் திரட்டவே கூடாது. 2016இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், ஆலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட காமிராக்களையும் பிற கருவிகளையும் பெருந்தொகையில் கைப்பற்றியது. ரிங் நிறுவனத்தின் பணியாளர்கள் வாடிக்கையாளரின் அந்தரங்கக் காட்சிகளைப் பார்த்தனர் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 மே மாதம் குற்றஞ்சாட்ட, அந்நிறுவனம் 58 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது.

ஆகவே வாங்குமுன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். பதிவு உள்ளேயுள்ள நினைவக அட்டையில் தங்குமா, அயலார் கணினிக்குச் செல்லுமா? எதிர்வீட்டுப் பகுதியைத் திரையில் மறைக்கும் வசதி உண்டா? ஒலிப்பதிவை நிறுத்த இயலுமா? 2025 ஏப்ரல் முதல் நம் அரசு கட்டாயமாக்கியுள்ள பாதுகாப்புச் சோதனையில் தேறியதா? பொருத்தும்போது கருவியைக் கீழ்நோக்கிச் சாய்த்து, நம் படியும் நம் கதவும் மட்டும் தெரியுமாறு வைக்க வேண்டும். பிறகு எதிர்வீட்டாரை அழைத்துத் திரையைக் காட்ட வேண்டும். காட்டக் கூசுகிறோம் என்றால், திசை தவறியிருக்கிறது என்பது பொருள்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. சாத்தனூர் அணை நீரும் சேர, தென்பெண்ணை பெருகிப் பாகூர் வட்டாரத்து ஆற்றோரச் சிற்றூர்களைச் சூழ்ந்தது. மின்சாரம் நின்றால் கம்பியில்லாக் காமிராவும் கண்மூடிவிடும். அத்தகைய இரவில் கதவைத் தட்டி, முதியவரைத் தோளில் தாங்கி மேட்டுக்குக் கொண்டு சேர்ப்பவர் அண்டை வீட்டார்தாம். அவரை நாள்தோறும் சந்தேகக் கண்ணால் பதிவு செய்துவிட்டு, ஆபத்து நாளில் அவர் கையை எதிர்பார்ப்பது எவ்வாறு? திருடனுக்குப் பயந்து நாம் வாங்கும் கருவி, அந்த அண்டை வீட்டாரை நம்மிடமிருந்து திருடிச் செல்லாதிருக்கட்டும்.