களிம்பும் துருவும்

முத்தியில் ஆணவ மலம் அழிந்துபோகிறதா, அல்லது இருந்த இடத்திலேயே சக்தி மடங்கிக் கிடக்கிறதா? சைவ சித்தாந்தத்தில் இது சின்னக் கேள்வி இல்லை. அழிகிறது என்றால் ஒருநாள் வேலை முடிந்துவிடும். அதன்பின் உயிருக்கு எவர் துணையும் வேண்டாம். மடங்கிக் கிடக்கிறது என்றால், அதை மடக்கி வைத்திருக்கும் ஒன்றோடு உயிர் என்றென்றும் சேர்ந்தே இருந்தாக வேண்டும். சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரின் மரபு இரண்டாவதையே சொல்கிறது. ஆணவம் அனாதி, நித்தியம். ஒளியின் முன் இருள் போல அது அடங்குமே தவிர இல்லாமல் போகாது. (பேச்சு வழக்கில் ஆணவம் என்றால் திமிர். சித்தாந்தத்தில் அது உயிரின் அறிவை மறைக்கும் மூல இருள். திமிர் அதன் விளைவுகளில் ஒன்று.) இந்த விடை பலருக்கு ஏமாற்றம் தருகிறது. இவ்வளவு தவமும் பூசையும் செய்து கடைசியில் அழுக்கு அங்கேயேதான் இருக்குமா என்று கேட்கிறார்கள். அது ஏமாற்றத்துக்குரிய விடை இல்லை, உண்மையான விடை என்பதே என் கட்சி. அதற்குச் சான்றைச் சாத்திரம் தானே கையில் எடுத்த உலோகத்திடமே கேட்கலாம்.

மலத்தைப் பற்றிப் பேசும்போது சித்தாந்திகள் அடிக்கடி சொல்லும் உவமைகள் நெல்லுக்கு உமி, செம்புக்குக் களிம்பு. இரண்டும் யோசித்து எடுத்தவை. கீதையில் வரும் தூசி படிந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டால், தூசி வெளியிலிருந்து வந்தது, துடைத்தால் போய்விடும். அத்வைதிகள் சொல்லும் கயிற்றரவில் பாம்பு எந்த நாளும் இருந்ததே இல்லை. வெளிச்சம் வந்ததும் மயக்கம் அடியோடு தீர்ந்தது. களிம்பின் கதை வேறு. செம்புக் குடத்தைப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கிக் கவிழ்த்து வைத்தாலும், சில நாளில் நிறம் மங்கும். ஈரம் தங்கும் விளிம்பில் மெல்லப் பச்சை பூக்கும். துலக்கத் துலக்கத் திரும்ப வருவதால் அது செம்போடு உடன்பிறந்தது என்று முன்னோர் கொண்டார்கள். ஆணவத்துக்கு வழங்கும் சகச மலம் என்ற பெயரின் பொருளே அதுதான்.

வேதியியல் படித்தவர் இங்கே ஒரு தடை எழுப்புவார்; வலுவான தடை. களிம்பு செம்புக்குள் இல்லவே இல்லை என்பார். தூய செம்பை எத்தனை துண்டாக அறுத்தாலும் உள்ளே பச்சை கிடைக்காது. காற்றும் ஈரமும் புளிப்பும் வந்து சேர்ந்த பிறகே அது உண்டாகிறது. ஆகவே முன்னோர் வெளியிலிருந்து வந்ததை உடன்பிறந்ததாக எண்ணி ஏமாந்தார்கள் என்பார். இதற்கு விடை சொல்லச் செம்பைவிட இரும்பு நல்ல சாட்சி. மண்ணில் இரும்பு இரும்பாகக் கிடைப்பது மிக அரிது. நாம் வெட்டி எடுக்கும் ஹேமடைட், சேலம் கஞ்சமலையில் உள்ள மாக்னடைட் எல்லாம் ஆக்சிஜனோடு கட்டுண்ட இரும்பு. துருவின் உறவினர் என்றே சொல்லலாம். அந்தக் கட்டை அவிழ்க்கக் கரியைக் கொட்டி, உலையைக் கடும் வெப்பத்துக்கு மூட்ட வேண்டியிருக்கிறது. உலையில் வாங்கிய அந்த ஆற்றலை வைத்துக்கொண்டுதான் ஒரு கம்பியோ தகடோ பளபளக்கிறது. ஈரமும் காற்றும் கிடைத்தால் அது வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்கே போகிறது. துரு வெளியிலிருந்து வந்தது உண்மை. ஆனால் துருப்பிடிக்கும் நாட்டம், எலக்ட்ரானை இழக்கத் தயாராக இருக்கும் இயல்பு, இரும்போடு பிறந்தது. முன்னோர் பிழைத்தது எங்கே பச்சை இருக்கிறது என்பதில். எது திரும்பத் திரும்ப வரும் என்பதில் அவர்கள் பிழைக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சித்தாந்தம் மலத்தை உயிரின் குணம் என்று ஒப்புவதில்லை. குணமானால், மலம் கெடும்போது குணியான உயிரும் கெட நேரும் என்பது அதன் வாதம். அதனால் மலம் தனி ஒரு பொருள் என்கிறது. இரும்பின் நாட்டமோ இரும்பின் குணமே. இந்த ஓரிடத்தில் இரும்பு சித்தாந்தத்துக்குச் சாட்சி சொல்லாது. அழிவா அடக்கமா என்ற நம் கேள்விக்கு மட்டும் அது பிசகில்லாமல் பதில் சொல்கிறது: அந்த நாட்டத்தை அழிக்க வழியில்லை, அடக்க வழியுண்டு.

எப்படி அடக்குகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரும்பின்மேல் வேறு உலோகம் பூசுவது பழைய வழி. அதில் இரண்டு விதம். காலி எண்ணெய் டின் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. பூச்சு முழுசாக இருக்கும்வரை தண்ணீரும் காற்றும் இரும்பைத் தொடாது. ஓர் ஆணி கீறிவிட்டால் போதும். கீறிய கோட்டிலேயே செம்பழுப்பு இறங்கும், பூசாத இரும்பைவிட வேகமாக. காரணம், ஈரத்தில் வெள்ளீயத்தைவிட இரும்பே முந்திக்கொண்டு எலக்ட்ரானைக் கொடுக்கும் உலோகம். சுற்றியுள்ள பெரிய வெள்ளீயப் பரப்பு முழுவதும் அந்தச் சின்னக் கீறலிலிருந்து இழுக்கிறது. அடுத்து, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் ஒன்றை எடுங்கள். பனிப்பூ போன்ற கோலம் அதன்மேல் தெரியும். கூரைக்காக வெட்டிய விளிம்பில் இரும்பு வெளியே தெரிகிறது, ஆனாலும் பல காலம் சிவப்பு ஏறுவதில்லை; பக்கத்துத் துத்தநாகத்தில் வெள்ளைப் பொடி பூக்கிறது. இங்கே முந்திக்கொள்வது துத்தநாகம். அதன் திட்ட மின்முனை அழுத்தம் மைனஸ் 0.76 வோல்ட், இரும்புக்கு மைனஸ் 0.44, வெள்ளீயத்துக்கு மைனஸ் 0.14. தான் கரைந்து, தான் மூடாத இடத்திலும் சில மில்லிமீட்டர் தூரத்துக்கு இரும்பைக் காக்கிறது.

மூடாத இடத்திலும் காக்கிறது என்பதை நின்று கவனிக்க வேண்டும். வெள்ளீயம் காப்பது மறைப்பால். துத்தநாகம் காப்பது தொடர்பால். 1824-ல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் அடித்திருந்த செம்புத் தகட்டோடு சிறிய இரும்பு, துத்தநாகத் துண்டுகளை இணைத்தார். துண்டுகள் தகட்டை மூடவே இல்லை, அரிப்பு நின்றது. (செம்பின் நஞ்சும் கடலில் கரையாமல் போனதால் கப்பலடியில் சிப்பிகள் ஒட்டிக்கொண்டு திட்டத்தைக் கைவிட நேர்ந்தது வேறு கதை.) ஒரே இரும்பு, ஒரே உப்புத் தண்ணீர்; செம்போடு இணைத்தால் இரும்பு விரைந்து கெடுகிறது, துத்தநாகத்தோடு இணைத்தால் நிலைக்கிறது. மெய்கண்டார் மரபு உயிருக்குக் கூறும் இலக்கணத்தை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்: சார்ந்ததன் வண்ணமாதல். உயிர் தனித்து நிற்பதில்லை. எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகிறது. மலத்தைச் சார்ந்தால் இருள், சிவத்தைச் சார்ந்தால் ஒளி. உயிரின் நிலையைத் தீர்மானிப்பது அதற்குள் அழுக்கு இருக்கிறதா என்பதல்ல, அது எதோடு தொடர்பில் இருக்கிறது என்பதே.

அப்படியானால் மூடுவதெல்லாம் வீணா? விரதம், ஆசாரம், திருநீறு, வேடம் எல்லாம் வெள்ளீயப் பூச்சுதானே என்று கேட்கலாம். சமயச் சின்னங்களை வெறும் போர்வை என்று தள்ளுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி இனிக்கும். இரும்பு அவர்கள் பக்கம் நிற்கவில்லை. துத்தநாகம் பூசிய இரும்பின்மேல் நல்ல பெயின்ட்டும் அடித்தால், அது உழைக்கும் காலம் இரண்டும் தனித்தனியே உழைக்கும் ஆண்டுகளின் கூட்டுத்தொகையைவிட 1.5 முதல் 2.3 மடங்கு என்று துறையில் கணக்கிடுகிறார்கள். பெயின்ட் துத்தநாகத்தை வீணாகக் கரையவிடுவதில்லை; பெயின்ட் உரிந்த இடத்தில் அடியில் துரு பரவத் துத்தநாகம் விடுவதில்லை. போர்வை கெட்டதல்ல, அடியில் தொடர்பு இல்லாத போர்வைதான் ஆபத்து. ஒழுக்கத்தில் பெரிதும் முழுமை காட்டுபவரிடம் ஒரே ஓட்டையில் எல்லாக் கேடும் குவிவதை உலகம் பார்த்திருக்கிறது. இதற்கு நிக்கல்-குரோம் முலாம் இன்னும் நுட்பமான சான்று. மோட்டார் வண்டிகளின் பளபளக்கும் உறுப்புகளில் அடியில் கந்தகமில்லாத நிக்கல், அதன்மேல் கந்தகம் கலந்த பளபளப்பு நிக்கல், உச்சியில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான குரோமியம் என்று அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். அந்தக் குரோமியத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான விரிசல்கள் விழும்படி வேண்டுமென்றே செய்வதும் உண்டு. விரிசல் ஒன்றிரண்டாக இருந்தால் அரிப்பு முழுவதும் அங்கே குவிந்து இரும்புவரை துளைத்துவிடும்; ஆயிரமாக இருந்தால் பரவி வலுவிழக்கும். இறங்கிய அரிப்பையும் நடு அடுக்கு நிக்கல் தானே ஏற்றுப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. தன்னிடம் குறையே இல்லை என்று காட்டும் பூச்சைவிட, குறையை ஒப்புக்கொண்ட பூச்சு இரும்பை அதிக காலம் காக்கிறது.

எவர்சில்வரைக் காட்டி இன்னொரு தடை வரும். அதில் பூச்சே இல்லையே, உலோகமே மாறிவிட்டதே, அது போல உயிரே மலமற்ற பொருளாக மாறக் கூடாதா என்று. எவர்சில்வரிலும் இரும்பு இரும்புதான். சுமார் 10.5 சதவீதத்துக்கு மேல் சேர்த்த குரோமியம் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிப்பில் ஓர் ஆக்சைடு படலம் கட்டுகிறது. கீறினால் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு மீண்டும் கட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் எட்டாத இடுக்கில், உப்பு தேங்கும் மூலையில், அதிலும் குழி விழும். நாட்டம் போகவில்லை, ஓயாமல் தடுக்கப்படுகிறது. 1,600 ஆண்டுகளாக நிற்கும் டெல்லி இரும்புத் தூணும் அப்படியே. அதிலுள்ள மிகுதியான பாஸ்பரஸ், தூணின்மேல் படிந்த துருவையே காப்புப் படலமாக்கியது என்று ஐ.ஐ.டி. கான்பூர் உலோகவியலர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். டெல்லியின் வறண்ட காற்றும் துணை நின்றது. துருப்பிடிக்காத தூண் என்கிறோம். துருவோடு உடன்பாடு கண்ட தூண் அது.

துத்தநாகம் கரைந்து தீர்ந்துபோகுமே, அருள் தீர்ந்துபோகுமா என்பது பக்தரின் தடை. நியாயமான தடை. சிவத்துக்குத் துத்தநாகத்தை உவமையாக்குவது பிழைதான். சூரியன் விகாரப்படாமலே தாமரை மலர்கிறது என்று சித்தாந்தம் சொல்வது இந்தப் பிழையைத் தவிர்க்கவே. அடியாருக்கும் குருவுக்கும் வேண்டுமானால் துத்தநாகம் பொருந்தும். பிறர் மலத்தைத் தம்மேல் ஏற்றுக் கரைந்தவர்களை நம் மரபு அறியும். அருளுக்கு நெருங்கிய உவமை இன்னொரு காப்பு முறையில் இருக்கிறது. கப்பல்களுக்கும் நிலத்தடிக் குழாய்களுக்கும் வெளியிலிருந்து நேர்மின்னோட்டத்தை இடைவிடாமல் செலுத்துவார்கள். உலோக ஆக்சைடு பூசிய டைட்டானியத் துண்டு அநேகமாகத் தேயாமலே அந்த ஓட்டத்தைத் தருகிறது. ஓட்டம் உள்ளவரை இரும்பு கெடுவதில்லை. நிறுத்தினால் நாட்டம் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது.

உவமையால் எதுவும் நிரூபணமாகாது என்று தருக்கம் அறிந்தவர் சொல்வார். மணிமேகலையின் 29-ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் என்று பிரித்து, குற்றமுள்ள திட்டாந்தங்களையும் அடையாளம் காட்டுகிறது. அந்தக் கண்டிப்பு எனக்கும் சம்மதம். இரும்பைக் காட்டி உயிர் உண்டென்றோ சிவம் உண்டென்றோ நான் சாதிக்கவில்லை. அடக்கிவைத்த கேடு அழியாத கேடு, ஆகவே அப்படிப்பட்ட விடுதலை விடுதலையே இல்லை என்ற வாதத்தைத்தான் மறுக்கிறேன். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் உப்புக் காற்றின் நடுவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ரயிலைச் சுமந்தது. அத்தனை நாளும் அதன் இரும்பு துருப்பிடிக்கத் தயாராகவே இருந்தது, அத்தனை நாளும் அது பாலமாகவும் இருந்தது. அது தாங்கிய ரயிலைப் பொய் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

சிவஞானபோதத்தில் மொத்தம் 12 சூத்திரங்கள். கடைசிச் சூத்திரம் பேசுவது தேடுகிறவரைப் பற்றி அல்ல, ஞானம் கைகூடியவரைப் பற்றி. உடம்பு உள்ளவரை மலத்தின் பழைய வாசனை (பழக்கத்தின் சுவடு) தாக்கும் என்பதால், திருவடி சேரவிடாத மலத்தைக் கழுவி, அன்பரோடு கலந்திருந்து, அவர்கள் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் என்றே தொழச் சொல்கிறது. ஞானம் வந்தாயிற்று, இனி யாரோடும் சேர வேண்டாம் என்று மெய்கண்டார் எங்கும் எழுதவில்லை.