வாங்கியவர் வீட்டுக்குள் விற்றவர்

2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற அமெரிக்கக் கணினி வல்லுநர் ஒரு செய்தியை வெளியிட்டார். தம் கணினியைச் சோதித்தபோது, விண்டோஸின் கண்ணுக்கே படாமல் சில கோப்புகள் அதில் ஒளிந்திருப்பதை அவர் கண்டிருந்தார். அடுத்தவர் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைபவர்கள் தங்கள் தடத்தை மறைக்கக் கையாளும் ‘ரூட்கிட்’ உத்தி அது. எங்கிருந்து வந்தது என்று துருவிக்கொண்டே போனவர் கடைசியில் வந்து நின்றது ஒரு பாட்டுக் குறுந்தகட்டில். வான் சான்ட் சகோதரர்களின் இசைத்தொகுப்பு அது. காசு கொடுத்து முறையாக வாங்கியது. வெளியிட்டது சோனி பி.எம்.ஜி., அன்று உலகின் மிகப் பெரிய இசை நிறுவனங்களில் ஒன்று.

மென்பொருளின் பெயர் எக்ஸ்.சி.பி. பிரிட்டனைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் ஃபோர் இன்டர்நெட் என்ற நிறுவனம் எழுதிக் கொடுத்தது. ஒரு தகட்டிலிருந்து மூன்று பிரதிகளுக்கு மேல் எடுக்கவிடாமல் தடுப்பது அதன் வேலை. அந்த வேலைக்காக அது கணினியின் அடித்தளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. குறிப்பிட்ட சில எழுத்துகளில் தொடங்கும் பெயருள்ள எந்தக் கோப்பையும் பார்வையிலிருந்து மறைத்தது. தன் கோப்பு, பிறர் கோப்பு என்ற பேதம் அதற்கு இல்லை. ஆகவே தீய நிரல் எழுதுகிற எவரும் அதே எழுத்துகளைத் தம் கோப்பின் பெயரில் சேர்த்துவிட்டால் போதும், வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கும் தெரியாமல் ஒளிந்துகொள்ளலாம். ருசினோவிச்சின் செய்தி வந்து இரண்டு வாரம் முடிவதற்குள் அப்படி ஒரு தீநிரல் இணையத்தில் உலவத் தொடங்கியது. கையால் நீக்க முயன்றவர்களின் கணினியில் குறுந்தகட்டு இயக்கியே செயலிழந்தது. இவ்வளவும் போதாதென்று, தகட்டை ஓடவிடும்போதெல்லாம் அது நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு, எந்தத் தொகுப்பு ஓடுகிறது என்பதைச் சொன்னது. 52 இசைத்தொகுப்புகளில் இது இருந்தது. அச்சான தகடுகள் சுமார் 47 லட்சம், விற்றவை சுமார் 21 லட்சம்.

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய இந்த விவகாரத்தை இப்போது எடுத்துப் பேசக் காரணம் உண்டு. பதிப்புரிமை, நிறுவனத்தின் அத்துமீறல், தனிமனிதரின் அந்தரங்கம் ஆகிய மூன்றும் இவ்வளவு தெளிவாக ஒரே இடத்தில் மோதிக்கொண்ட நிகழ்ச்சி வேறு அதிகமில்லை. கேள்வி எளியது. தன் படைப்பைக் காத்துக்கொள்ள உரிமையாளர் எதுவரை போகலாம்? அதை வாங்கியவரின் வீட்டுக்குள், அவருக்குத் தெரியாமல், போகலாமா?

நிறுவனத்தின் தரப்பை எடுத்த எடுப்பில் தள்ளிவிடுவது நியாயமல்ல. 1999இல் இணையத்தில் பாட்டுக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் நாப்ஸ்டர் வந்தது. 2001இல் நீதிமன்ற ஆணைகளால் அது நின்றாலும், பாட்டைக் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நிற்கவில்லை. குறுந்தகட்டு விற்பனை சரிந்தது. அந்தச் சரிவில் அடிபட்டது மாடிக் கட்டடத்து முதலாளிகள் மட்டுமல்ல. பாட்டெழுதியவர், மேளம் வாசித்தவர், ஒலிப்பதிவுக் கூடத்தில் இரவெல்லாம் உட்கார்ந்தவர் எல்லோரும்தான். பிறர் உழைப்பை விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்வது தவறு. பெரிய நிறுவனத்திடமிருந்துதானே என்று சொல்லிக்கொள்வதால் அது சரியாகிவிடாது. பதிப்புரிமையை ஐயத்தோடு பார்ப்பவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது. படைத்தவருக்குச் சேர வேண்டியது சேரத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகு எழுப்பும் ஐயத்துக்குத்தான் மதிப்பு.

அப்படி ஒப்புக்கொண்டு பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, இந்தக் காவல் யார் மேல் விழுந்தது என்பது. இணையத்தில் திருட்டுத்தனமாகப் பாட்டை இறக்கியவரின் கணினிக்கு எக்ஸ்.சி.பி. போகவே இல்லை. அவருக்குக் கிடைத்தது வெறும் பாட்டு. கடைக்குப் போய், வரிசையில் நின்று, முழு விலையும் கொடுத்தவரின் கணினிதான் பழுதானது. குற்றம் செய்யாதவரைத் தெரிந்தே சந்தேக வட்டத்துக்குள் நிறுத்தும் காவலுக்கு, அதனால் ஏதேனும் பயன் விளைந்தாலும்கூட, அறத்தின் பக்கம் இடமில்லை. இங்கே அந்தப் பயனும் விளையவில்லை.

ஒப்புதல் வாங்கித்தானே செய்தோம் என்பது அடுத்த வாதம். தகட்டைப் போட்டவுடன் உரிம ஒப்பந்தம் திரையில் வந்தது, வாங்கியவர் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்தினார் என்பது உண்மைதான். அந்த ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு சிறு மென்பொருள் நிறுவப்படும் என்று இருந்தது. அது ஒளிந்துகொள்ளும் என்று இல்லை. வெளியேற்ற வழி கிடையாது என்றும் இல்லை. தகடு திருட்டுப் போனால் கணினியில் உள்ள பிரதியையும் அழித்துவிட வேண்டும் என்று இருந்தது. வாங்கியவர் திவாலானாலும் அப்படியே. நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போகக் கூடாது. நிறுவனத்தால் எந்த இழப்பு நேர்ந்தாலும் அதன் பொறுப்பு ஐந்து டாலருக்கு மேல் போகாது. ஒரு பாட்டுத் தகட்டுக்கு இவ்வளவு நிபந்தனைகள். அந்நிறுவனமே பயன்படுத்திய மீடியாமேக்ஸ் என்ற இன்னொரு காப்பு மென்பொருள், ‘மறுக்கிறேன்’ என்று அழுத்தியவர்களின் கணினியிலும் தன் கோப்புகளை இறக்கிவைத்தது.

ஒப்புதல் என்பது எதற்கு என்று தெரிந்து கொடுப்பது. முக்கியமானதை மறைத்துவிட்டு வாங்கிய ஒப்புதல், நிறுவனத்தின் கையிலுள்ள வெறும் காகிதம். மறுத்தாலும் நடக்கும் என்றால் அந்தக் கேள்வியைக் கேட்டதே ஏமாற்று.

பிரச்சினை பெரிதானபோது, நிறுவனத்தின் டிஜிட்டல் வணிகப் பிரிவுத் தலைவர் தாமஸ் ஹெஸ்ஸி வானொலிப் பேட்டி ஒன்றில், பெரும்பாலானவர்களுக்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, பிறகு அவர்கள் ஏன் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்ற பொருளில் கேட்டார். நாக்குத் தவறி வந்த பேச்சாக இதை ஒதுக்க முடியவில்லை. அந்தரங்கத்தைப் பற்றிப் பல நிறுவனங்கள் உள்ளுக்குள் வைத்திருக்கும் நம்பிக்கையை அவர் வெளிப்படையாகச் சொன்னார், அவ்வளவே. தெரியாத வரை இழப்பில்லை என்பது அந்த நம்பிக்கை. சேகரித்த தகவல் அற்பமானது, எந்தத் தொகுப்பு ஓடுகிறது என்பது மட்டும்தான், ஆளின் பெயர்கூட இல்லை என்றும் வாதாடலாம். ஆனால் அந்தரங்கம் தகவலின் எடையை வைத்து அளக்கப்படுவதல்ல. ஒருவர் தம் அறையில் எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்கிறார் என்பது அற்பமாகவே இருக்கட்டும். அதைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் அவராக இருக்க வேண்டும். அந்த முடிவை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான் இழப்பு. அது அவருக்குத் தெரியவந்தாலும் வராவிட்டாலும் இழப்புதான். தெரியாமலே இருப்பது அதைக் கூட்டுகிறது; எதிர்க்கும் வாய்ப்பையும் சேர்த்தல்லவா அவர் இழக்கிறார்.

அந்த நவம்பரில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் உயர் அதிகாரி ஸ்டுவர்ட் பேக்கர் ஒரு கூட்டத்தில் பேசியதையும் இங்கே நினைக்க வேண்டும். கொள்ளைநோய் ஒன்று பரவி மக்கள் தொலைவிலிருந்தே வேலை பார்க்க நேர்ந்தால் கணினிகளின் பாதுகாப்பு உயிர்ப் பிரச்சினையாகிவிடும் என்று அவர் எச்சரித்தார். அறிவுச் சொத்து நிறுவனத்துடையது, கணினி நிறுவனத்துடையதல்ல என்பதை மறந்துவிட வேண்டாம் என்றார். அரசாங்கத்தின் வாயிலிருந்து வந்த இந்த வேறுபாடுதான் முழு வழக்கின் அச்சாணி. பாட்டின் மீது நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அந்த உரிமை பாட்டோடு சேர்ந்து ஒருவரின் கணினிக்குள் வருகிறது. ஆனால் கணினி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும் தகுதி அதற்கு வந்துவிடுவதில்லை.

இதில் மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. ருசினோவிச் வெளியிடுவதற்குச் சில வாரங்கள் முன்னரே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த அலெக்ஸ் ஹால்டர்மனும் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்ட்டனும் இந்தத் தகடுகளின் ஆபத்தைக் கண்டுவிட்டார்கள். உடனே சொல்லவில்லை. வழக்கறிஞர்களிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1998இல் அமெரிக்கா இயற்றிய டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், படைப்பைக் காக்கும் டிஜிட்டல் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியிருந்தது. எதற்காக உடைத்தார் என்பது பெரும்பாலும் இரண்டாம் கேள்விதான். அவர்களின் அச்சத்துக்கு முன்கதையும் இருந்தது. மீடியாமேக்ஸ் காப்பைக் கணினியின் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தே தவிர்த்துவிடலாம் என்று 2003இல் ஹால்டர்மன் எழுதியபோது, அதைத் தயாரித்த சன்காம் நிறுவனம் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போடப்போவதாக அறிவித்துவிட்டுப் பின்வாங்கியிருந்தது. ஒரு முறை அப்படி மிரட்டப்பட்டவர் அடுத்த முறை தயங்கத்தான் செய்வார். அவர் தயங்கிய வாரங்களில் லட்சக்கணக்கான கணினிகள் திறந்து கிடந்தன. பாட்டைக் காக்க வந்த சட்டம் இங்கே பாட்டைக் காக்கவில்லை. ஆபத்தைச் சொல்ல வேண்டியவரின் வாயைக் கட்டியது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எக்ஸ்.சி.பி.யின் நிரலைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள் அதற்குள் ‘லேம்’ என்ற திறந்த மூல ஒலி மென்பொருளின் பகுதிகளைக் கண்டார்கள். நார்வேக்காரர் யோன் லெக் யோஹான்சன் எழுதிய நிரலும் அதில் இருந்தது. டிவிடி பூட்டைத் திறந்தார் என்று திரைப்படத் துறையின் புகாரால் வழக்கைச் சந்தித்து விடுதலையானவர் அவர். திறந்த மூல நிரலை எவரும் பயன்படுத்தலாம், ஆனால் நிபந்தனையோடு. எவருடையது என்று சொல்ல வேண்டும், மூல நிரலைத் தர வேண்டும். அந்த நிபந்தனையும் பதிப்புரிமைதான். இங்கே அது பேணப்படவில்லை. தன் உரிமைக்காக அடுத்தவர் கணினியில் ஒளிந்திருக்கத் துணிந்த மென்பொருள், வேறு சிலரின் உரிமையை மதிக்கவில்லை. பதிப்புரிமையை ஒரு கொள்கையாக ஏற்றவர் எளியவரின் உரிமைக்கும் அதே மரியாதையைத் தருவார். தராதவரிடம் இருப்பது வலிமை மட்டுமே.

பிறகு நடந்தவை நடக்க வேண்டியவைதான். தகடுகள் திரும்பப் பெறப்பட்டன. டெக்சஸ் மாநிலம் வழக்குத் தொடுத்தது. மாநிலங்களோடு உடன்பாடுகள் வந்தன, வாங்கியவர்களுக்கு மாற்றுத் தகடும் சிறு தொகையும் கிடைத்தன. 2007இல் கூட்டாட்சி வணிக ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பழுதான கணினி ஒன்றுக்கு 150 டாலர் வரை தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் இடையில், மென்பொருளை நீக்கித் தருகிறோம் என்று முதலில் கொடுத்த கருவியே கணினியில் வேறொரு ஓட்டையைத் திறந்துவிட்டது. அதைப் பெறுவதற்கும் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்படியொரு மென்பொருளை இன்று யாரும் தகட்டில் ஒளித்துவைக்க மாட்டார்கள். அதற்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது. பொருளே நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது, படிப்பதும் கேட்பதும் அங்கே பதிவாகின்றன. 2009இல் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தபடியே அழித்தது. அந்தப் பதிப்புகளை விற்றவருக்கு அமெரிக்காவில் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பியது, நிறுவனத் தலைவர் ஜெஃப் பெஸோஸ் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். மன்னிப்பை ஏற்கலாம். ஆனால் வாசகரின் கையிலிருக்கும் நூலை எட்டி எடுக்கும் கை அப்படியே இருக்கிறது. வாங்குபவர் பெறுவது பொருளை அல்ல, உரிமத்தைத்தான் என்று விற்பனையின்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்து, அது 2025 முதல் நடப்பில் இருக்கிறது. உண்மையைச் சொல்லச் சொல்வது நல்லதுதான். சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டால் அதனால் பயன் குறைவு.

இந்தியச் சட்டம் இந்த இடத்தில் பலர் நினைப்பதைவிட மேலானது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவரைத்தான் தண்டிக்கிறது. நோக்கம் பார்க்கப்படுகிறது. பயனரை அடையாளம் காணவோ கண்காணிக்கவோ வைத்த தொழில்நுட்பத்தைத் தவிர்ப்பதற்கு வேண்டியதைச் செய்வது குற்றமல்ல என்று அதே பிரிவு விலக்கும் தருகிறது. 2005இல் அமெரிக்காவில் இப்படித் தெளிவாக ஒரு வரி இருந்திருந்தால் அந்த இரண்டு ஆய்வாளர்களின் தயக்கம் எவ்வளவோ குறைந்திருக்கும்.

ஆனால் அதே பிரிவின் முதல் விலக்கில் ஒரு முள் இருக்கிறது. சட்டம் தடுக்காத காரியத்துக்காகப் பூட்டைத் திறக்கலாம். அதற்கு இன்னொருவருக்கு உதவுபவர், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். பார்வையற்ற ஒருவர் தாம் வாங்கிய மின்னூலைத் தமக்குப் படிக்கத்தக்க வடிவில் மாற்றிக்கொள்ள இதே சட்டம் இடம் தருகிறது. பூட்டைத் தாமே திறக்கத் தெரிந்தவர் யாருக்கும் பெயர் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர், பிறர் கையை நாடியே ஆக வேண்டியவர், எதற்காக வந்தார் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். யாருக்கு அந்தரங்கம் மிகவும் தேவையோ அவரிடமிருந்தே அதை விலையாகக் கேட்கிறது அந்த நிபந்தனை. அடுத்த திருத்தத்தில் நாடாளுமன்றம் அதை நீக்கியாக வேண்டும்.