இரண்டாவது டீ

"ஒங்கப்பா அன்னைக்கு ரெண்டாவது டீ கேட்டாவ தாயி. ஒருநாளும் கேக்க மாட்டாவ."

போன சித்திரையில் ஜக்கம்மா கோயில் திருவிழாவுக்குப் பாஞ்சாலங்குறிச்சி போயிருந்தபோது, டீக்கடைப் பெரியவர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே சொன்னது இது. சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு ஆற்றப் போய்விட்டார். அப்பா தற்கொலை செய்துகொண்டு பல வருஷமாகிறது. எனக்கு அன்றிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை.

அப்பா ஒரு டீ ஆள். காலையில் ஒன்று, பொழுது சாய ஒன்று, சீனி கம்மி. வேறு யாராவது காசு கொடுத்தாலும் இரண்டாவதை வேண்டாம் என்றுவிடுவார். உப்பளத்தில் கணக்கு எழுதிய கை, எதிலும் அளவுதான். அப்படிப்பட்டவர் அன்று ஏன் இன்னொன்று கேட்டார்? டீ நன்றாக இருந்ததா? பெஞ்சில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார ஒரு சாக்கா? "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு ரெண்டு?" என்று யாராவது கேட்கட்டும் என்று இருந்தாரா?

போலீஸ் காகிதத்தில் காரணம் இருக்கிறது: தீராத வயிற்று வலி. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ஆவது பிரிவில் விசாரணை. மாமா சொன்னார், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும், இந்த நாட்டில் எத்தனை பேரை வயிற்று வலி கொண்டுபோயிருக்கிறது என்று. யாருக்கும் தொந்தரவில்லாத காரணம் அது. கடன் கொடுத்தவன், பெண்டாட்டி, பிள்ளை, யார் மேலும் பழி விழாது. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. டீ விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "வயித்து வலிக்காரவுக ரெண்டு டீ குடிப்பாவளாக்கும்" என்றாள். சிரித்தாளா என்பது எனக்கு நிச்சயமில்லை.

எங்கள் ஊரில் சாவென்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். 1974-இல் கட்டிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டைக்குள் சுவரெல்லாம் சித்திரம். பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிப்போவார்கள். வெள்ளைக்காரனின் வெடிமருந்துக் கிடங்குக்குள் பாய்ந்து அதோடு தானும் அழிந்த சுந்தரலிங்கத்தையும் வடிவையும் பற்றி வாத்தியார் சொல்லும்போது அவருக்கே தொண்டை கம்மும். நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். உயிரை விடுவது என்றால் அப்படித்தான், எதற்காகவோ, யாருக்காகவோ என்றுதான் எனக்குப் பதிந்திருந்தது. அப்பா போன பிறகு ஒருமுறை தனியாக அங்கே போய் நின்றேன். இவரை எந்தச் சுவரில் வைப்பது என்று ஒரு நினைப்பு ஓடியது. பைத்தியக்காரத்தனம்தான்.

அதே கோட்டையின் இன்னொரு கதையைத்தான் பின்னால் அதிகம் நினைத்துக்கொண்டேன். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டுக் கோட்டையை இடித்தார்கள். 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த அவர் தம்பி ஊமைத்துரை சில நாளிலேயே அதை மறுபடி எழுப்பினார். மே மாதம் அதுவும் விழுந்தது. இந்த முறை அந்த இடத்தையே உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பார்கள். எங்கள் வீட்டிலும் உறவுக்காரர்கள் அப்படித்தான் ஆமணக்கு விதைத்தார்கள். அப்பா பேச்சு வந்தால் மழை, மிளகாய் விலை, யார் வீட்டுக் கல்யாணம் என்று உழுதுவிடுவார்கள்.

ஊரிலிருந்து அதிக தூரமில்லை, வாஞ்சி மணியாச்சி. 1911 ஜூன் 17-ஆம் தேதி அந்த நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், அங்கேயே தன்னையும் முடித்துக்கொண்டார். இறந்தவரின் பையில் கடிதம் இருந்தது. நிலையத்துக்கு இன்று அவர் பெயர். தூத்துக்குடி ரயிலில் அதைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் கடிதத்தின் மேல் எனக்குப் பொறாமை வரும். அப்பாவின் சட்டைப் பையில் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று: வாஞ்சியின் வரிகளை வைத்துக்கொண்டு அவர் நோக்கம் என்ன என்று நூறு வருஷத்துக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. ஷ்னைட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இத்தகைய கடிதங்களை நூற்றுக்கணக்கில் சேர்த்து ஆராய்ந்தவர். அவற்றிலிருந்து எதிர்பார்த்த அளவு வெளிச்சம் வரவில்லை என்று பிற்பாடு எழுதினாராம். எங்கோ படித்தது. நம்ப ஆசைப்படுகிறேன்.

இதைவிட என்னைக் கலக்கியது எதிர்க்கரைச் செய்தி. 1995 வாக்கில் இலங்கையில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 47 பேர் இப்படிச் செத்துக்கொண்டிருந்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. இருபது வருஷத்தில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. யார் மனசுக்குள்ளும் புகுந்து ஏன் என்று கேட்கவில்லை. கைக்கு எட்டும் இடத்திலிருந்து ஒன்றை அகற்றினார்கள், அவ்வளவுதான். சாகத் தோன்றும் அந்த வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில், சிலருக்கு நிமிஷங்களில் தணிந்துவிடுமாம். தப்பியவர்களில் பெரும்பாலோர் பிறகு வாழ்ந்து முடிக்கிறார்கள். இப்போது இதுமாதிரிச் செய்திகளுக்கு அடியில் 104, 14416 என்று உதவி எண்கள் போடுகிறார்களே, அதுவும் அந்த நேரத்தைத் தாண்டவைக்கத்தான். அப்படியென்றால் அந்த இரண்டாவது டீ? அந்த நேரத்தைத் தாண்டத்தான் அவரும் பார்த்தாரோ? இப்படி நினைத்தால் ஆறுதலாகவும் இருக்கிறது, தாங்கமுடியாமலும் இருக்கிறது. வெறும் டீயாகவும் இருந்திருக்கலாம்.

காரணம் தெரிந்தால்தான் இதோடு வாழ முடியும் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இலங்கைக் கணக்கு அதை அசைத்துவிட்டது. காரணம் தெரியாமலே ஒருவரைக் காப்பாற்றலாம் என்றால், காரணம் தெரியாமலே அவரை நினைத்துக்கொண்டும் இருக்கலாம்தானே? பகலில் சரி என்று படுகிறது.

சமீபத்தில் மகன் கேட்டான், தாத்தா எப்படிச் செத்தாங்க என்று. அவன் பாட்டியிடம் வயிற்று வலியைக் கேட்டு வந்திருப்பான் போல. நான் உள்ளதைச் சொன்னேன். "ஏன்?" என்றான். தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தான், பிறகு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டான். அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டுவாள். அவள் பக்கத்திலும் நியாயம் இருக்கலாம். அந்த வயதில் ஒரு பிள்ளை எதைத் தாங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்டால் இதையே சொல்வேனா என்பதும்.