தன்னையே உண்ணும் வேகம்

பழவேற்காட்டு முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குச் செல்லும் படகின் டீசல் எஞ்சினில், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, மசகெண்ணெய் எரியறைக்குள் மிகுதியாய்ப் புகுமானால், டீசல் குழாயை அடைத்த பின்னும் அது நிற்பதில்லை. தன்னைக் காக்கவேண்டிய எண்ணெயையே உணவாக்கிக்கொண்டு, வேகமே வேகத்தை வளர்க்க, கனெக்டிங் ராடு வளைந்து கியர்ப் பற்கள் முறியும்வரையும் ஓடக்கூடும். காற்றுவழியை அடைப்பதே அப்போது உபாயம்.

ஆசையின் சுபாவமும் இதுவேயன்றோ? பற்றிலிருந்து காமமும், காமத்திலிருந்து குரோதமும் கிளைத்து, முடிவில் புத்தி நாசமடையும் கிரமத்தைக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் விளக்குகிறது. விஷயத்தை விலக்கிய மாத்திரத்தில் வேட்கை அடங்குவதில்லை; ஞாபகத்தையும் அபிமானத்தையும் எரித்துக்கொண்டு அது மேலும் ஓடுகிறது.

முறிந்த கியர்ப் பல்லை மட்டும் மாற்றிய மெக்கானிக்கின் வேலை பாதி வேலையே. வளையங்களைப் புதுப்பித்து, சிலிண்டரின் தேய்மானத்தை அளந்து, ராடு வளைந்திருக்கிறதா என்று சோதித்த பின்னரே எஞ்சினை இயக்குதல் முறை. ஆசையால் நேர்ந்த பிழைக்குப் பிராயச்சித்தமும் அவ்வாறே காரணத்தைத் தொடவேண்டும்; வருமுன் காப்பதோ அதனினும் மேல். எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடுவதென்று பழவேற்காட்டு ஏரி மீனவர் தலைமுறைகளாய் முறைவைத்துக் காத்துவந்த ‘பாடு’ என்னும் ஏற்பாடு, பேராசை மூளுமுன்னரே அதற்கு அளவு வகுத்த தர்மமாகும். துறவியரின் விரதத்துக்கு அது சற்றும் தாழ்ந்ததன்று என்பதே என் துணிபு.