எழுதிக் கொடுப்பவரும் எழுதக் கற்பிப்பவரும்

தலைவர் எனப்படுவோர் யாவர்? மேடையில் முதல் நாற்காலியில் அமர்வோரை உலகம் தலைவர் என்கிறது. அதிகாரிகளிடம் ஏழைக்காகப் பரிந்து பேசுவோரையும், எழுத்தறியார்க்கு மனு எழுதிக் கொடுப்போரையும், துணையற்றோர் அடக்கத்துக்குப் பணம் திரட்டுவோரையும் நாம் தலைவர் என்றே அழைக்கிறோம். இவையெல்லாம் நற்செயல்களே, ஐயமில்லை. ஆயினும், ஒருவரால் நெடுங்காலம் தொண்டு செய்யப்பெற்ற கூட்டம், அவர் மறைந்த மறுநாள் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் வன்மை பெற்றிருக்கிறதா என்று கேட்போர் அரியர். இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இக்கேள்வி எமக்கு ஏட்டிலிருந்து பிறந்ததன்று. நாம் தோட்டத்துக் கிராணி, ஆங்கிலம் படித்தோம். ஆதலின், தோட்டத்து மக்களுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வதும், சேம நிதி, விபத்துக் காப்பு, பிள்ளைகளின் உதவித்தொகை முதலியவற்றுக்குப் பாரம் நிரப்புவதும் எம் தலையில் வந்து சேர்ந்தன. பத்து ஆண்டுகள் இதனைச் செய்தோம். மாலைதோறும் எம் மேசைக்கு முன் வரிசை நின்றது. "கிராணி ஐயா இல்லாவிட்டால் எங்கள் கதி என்ன?" என்பார்கள். அச்சொல் எம் செவிக்கு இனிதாகவே இருந்தது.

சென்ற ஆண்டு காய்ச்சல் கண்டு மூன்று வாரம் படுக்கையிற் கிடந்தோம். எழுந்து வந்தபோது, கணவனை இழந்த ஒரு பாட்டியின் விண்ணப்பம் நாள் கடந்து போயிருந்தது. அப்பாட்டியின் வீட்டில் ஐந்தாம் படிவம் வரை படித்த பேரன் இருக்கிறான். "ஏன் தம்பி, நீ எழுதி அனுப்பியிருக்கலாமே?" என்று கேட்டோம். "அது ஐயா வேலை ஆயிற்றே" என்றான். அவன் எம்மைக் குறை சொல்லவில்லை. உள்ளதை உள்ளவாறே சொன்னான். பதினோராண்டு பள்ளியிற் படித்த பிள்ளையை, தன் பாட்டிக்கு ஒரு தாள் எழுதத் துணியாதவனாக ஆக்கியவர் யார்? வேறு எவரும் அல்லர், நாமே.

இந்த வருத்தம் நெஞ்சில் இருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலாகச் சிங்கப்பூர் சென்றோம். அங்கே 'லிட்டில் இந்தியா' எனப்படும் வட்டாரத்தில், சிராங்கூன் சாலையில் நின்றபோது, தமிழவேள் கோ. சாரங்கபாணியாரின் நினைவு எழுந்தது. அவரும் கணக்கெழுதும் வேலையில் இருந்தவர்தாம். 1903ஆம் ஆண்டு திருவாரூரிற் பிறந்து, 1924ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்து, ஒரு கடையிற் கணக்கராக அமர்ந்தார். கணக்கரென்ற அளவில் அவருக்கும் எமக்கும் ஒப்புமை உண்டு. அதற்கு மேல் அவர் செய்தது என்ன?

1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்து சுயமரியாதைக் கொள்கையைப் பரப்பிச் சென்றார். பேச்சாளர் வந்து போவர். கைதட்டல் அன்றோடு அடங்கிவிடும். கைதட்டலைக் காரியமாக்குதற்கு அமைப்பு வேண்டும். 1932ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதன் முன்னணியில் சாரங்கபாணியார் நின்றார். 1935ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள், 'தமிழ் முரசு' ஒரு காசு விலையில் வார இதழாக வெளிவந்தது. கூலி வேலை செய்வோரும் வாங்கக்கூடிய விலை அது. ஒருவர் வாங்கினால் எழுத்தறிந்த ஒருவர் படிக்க, அறியாத பலர் சூழ்ந்து கேட்கலாம்.

எனினும், பத்திரிகையும் ஒருவகை மேடையே. ஒருவர் பேசப் பலர் கேட்பதோடு அது நின்றிருக்கலாம். அவ்வாறு நிற்கவில்லை என்பதே நாம் சுட்ட விரும்புவது. 1950களில் முரசு 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியைத் தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துகளுக்கு இடம் தந்தது. நேற்று வரை பிறர் எழுதியதைப் படித்த பிள்ளை இன்று தன் பெயரை அச்சிற் கண்டான். படித்தவர் எழுதினர், எழுதியவர் ஒன்றுகூடினர், ஊர்தோறும் மன்றங்கள் எழுந்தன. மலேசியாவில் இன்றும் விளங்கும் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் அவ்வேரிலிருந்து கிளைத்தவையே. ஒரு மன்றம் என்றால் தலைவர் வேண்டும், செயலாளர் வேண்டும், கணக்கு வேண்டும், கூட்டக் குறிப்பு வேண்டும், மாறுபட்ட கருத்துடையவனைச் சினவாது கேட்கும் பொறுமையும் வேண்டும். இவற்றை எந்தப் பள்ளி அக்காலத்தில் ஏழைப் பிள்ளைக்குக் கற்பித்தது? மன்றமே பள்ளியாயிற்று.

1952ஆம் ஆண்டு தொடங்கிய தமிழர் திருநாளும் இத்தகையதே. சமயத்தாலும் சாதியாலும் பிரிந்து கிடந்தோர் தமிழர் என்னும் ஒரு பெயரின் கீழ்ப் பொங்கல் நாளில் கூடினர். அங்கங்கே அவ்வவ்வூரார் குழு அமைத்தனர். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் பழமொழி. தேரை ஒருவரே இழுத்துக் காட்டினால் அது வித்தையாகும், திருவிழா ஆகாது. 1956ஆம் ஆண்டு, அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை தொடங்கப்பெற்றது. அதில் வடமொழிக்கு முதன்மையா, தமிழுக்கு முதன்மையா என்ற வழக்கு முன்னரே எழுந்திருந்தது. தமிழுக்காக வாதாடியதோடு அவர் அமையவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைப் பொதுமக்களிடம் திரட்டினார். தன் பிள்ளை பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிப்பான் என்று கனவிலும் கருதாத உழைப்பாளியும் அதற்கு ஈந்தான். கொடுத்தவன் பயன் பெறுவோன் மட்டும் அல்லன், உரிமையாளனும் ஆவான்.

இங்கே ஒரு தடை எழும். "சாரங்கபாணியார் மனு எழுதிக் கொடுக்கும் தொண்டை ஒதுக்கினாரா? 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழரைப் பதிவு செய்விக்க அவர் ஓயாது உழைக்கவில்லையா? எழுத்தறியாதவன் கற்றுத் தேறும் வரை சட்டத்தின் காலக்கெடு காத்திருக்குமா?" என்று கேட்பர். நியாயமான கேள்வியே. பசித்தவனுக்கு முதலில் சோறு. பின்னரே உழவுப் பாடம். எழுதிக் கொடுப்பது குற்றம் என்று நாம் கூறவில்லை. அந்த மனு எத்தகையது என்பதை நோக்க வேண்டும். குடியுரிமை பெற்றவன் வாக்குரிமை பெறுகிறான். வாக்குரிமை பெற்றவன் கெஞ்ச வேண்டிய இடத்தில் கேட்கும் தகுதி பெறுகிறான். ஆகவே, பிற்காலத்து மனுக்கள் பலவற்றை வேண்டாதனவாக்கும் மனு அது. எம் மேசையில் எழுதப்பட்டவையோ, ஒவ்வொன்றும் அடுத்த மனுவுக்கு எம்மிடமே வரச் செய்தவை. இரண்டும் தாளிலே ஒன்று, பயனிலே வேறு.

இவ்வேற்றுமையை இன்றைய சிங்கப்பூரிலும் காணலாம். கட்டுமானத் தொழிலுக்கென்று தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வரும் உழைப்பாளர், ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையில் நிறைகின்றனர். காயமுற்றோ, சம்பள வழக்கில் சிக்கியோ வேலையிழந்து நிற்போருக்கு, ஒரு தொண்டு அமைப்பு 2008ஆம் ஆண்டிலிருந்து அவ்வட்டாரத்தில் இலவச உணவு வழங்கத் தொடங்கியது. அச்சோறு போற்றத்தக்கது. அதனோடு மற்றொன்றும் வேண்டும். 2016ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், ஊதியத்தைக் கூறு கூறாகப் பிரித்துக் காட்டும் சம்பளச் சீட்டைத் தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அச்சீட்டைத் தானே படித்து, மிகை நேர வேலைக்கு உரிய தொகை வந்ததா என்று தானே கணக்கிட்டு, அறையிலுள்ள மற்ற பதின்மர்க்கும் சொல்லிக் கொடுக்கும் ஒரு தொழிலாளியை உண்டாக்குதல் எத்துணைப் பெருந்தொண்டு! அப்பதினொருவரும் அடுத்த முறை வழக்கில் சிக்கும் முன்னரே விழித்துக்கொள்வர் அன்றோ?

தலைமையைக் கற்பிப்பது ஏன் இவ்வளவு அரிதாயிருக்கிறது? நேரமின்மை என்பர்; மக்களுக்கு அறிவு போதாது என்பர். எம் நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், உண்மைக் காரணம் வேறு. பிறர்க்கு இன்றியமையாதவராய் இருத்தல் ஒரு கள். அதன் மயக்கத்தை விட மனம் வருவதில்லை. மந்திரத்தைத் தனக்குள் மறைத்து வைத்துக்கொண்டு மக்களைத் தன் வாயிலில் நிற்க வைத்த புரோகிதனைச் சீர்திருத்தக்காரராகிய நாம் கடிந்தோம். ஆங்கிலத்தையும் பாரத்தையும் மறைத்து வைத்துக்கொண்டு மக்களைத் தன் மேசைக்கு முன் நிற்க வைத்த கிராணியைக் கடிந்தோமா? அவன் தட்சிணை கேட்டான். நாம் நன்றியைக் கேட்டோம். வேறுபாடு அவ்வளவே.

சங்கங்களிலும் இந்நோய் உண்டு. ஒருவரே இருபது ஆண்டு செயலாளர். ஒருவர் கையிலேயே பெட்டிச் சாவி. "அவரை விட்டால் ஆளில்லை" என்பது பெருமையாகப் பேசப்படுகிறது. இருபது ஆண்டில் மற்றோர் ஆளை ஆக்காதது பெருமையா? 2005ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் நிர்வாகக் கேடுகள் வெளிப்பட்டு நாடே அதிர்ந்தது. அதன் பின், 2007ஆம் ஆண்டு அறநிறுவனங்களுக்கு ஒரு நெறிமுறை வகுக்கப்பெற்றது. பொருளாளர் பொறுப்பில் ஒருவர் தொடர்ந்து 4 ஆண்டுகளுக்கு மேல் இருத்தலாகாது என்பது அந்நெறியுள் ஒன்று. இது திருடரைத் தடுப்பதற்கு மட்டும் என்று எண்ணற்க. நாணயமான பொருளாளருக்கும் இது பொருந்தும். என்னை? நான்காண்டுக்குள் மற்றொருவருக்குக் கணக்குக் கற்பிக்க வேண்டிய கடமையை இது அவருக்குச் சுமத்துகிறது.

"தலைவரே இல்லாத சமூகம் வேண்டுமோ?" என்று வினவுவார்க்கு ஒன்று கூறுவோம். தலைவர் வேண்டும், தலைவர் பலராதல் வேண்டும். 1974ஆம் ஆண்டு சாரங்கபாணியார் மறைந்தார். முரசு மறையவில்லை, சிங்கப்பூரின் தமிழ் நாளிதழாக இன்றும் வருகிறது. மணிமன்றங்களும் மறையவில்லை. இவற்றை இன்று நடத்துவோருட் பலர் அவர் முகத்தையும் கண்டிலர். இதனினும் உயர்ந்த நினைவுக் கல் ஒரு தலைவர்க்கு உண்டோ?

எம் தோட்டத்துக்குத் திரும்பியபின் ஒரு சிறு மாற்றம் செய்தோம். வாரத்தில் இரண்டு மாலை, படித்த பிள்ளைகள் நால்வரை எம் மேசையின் இப்புறத்தில் அமர்த்துகிறோம். அவர்கள் எழுதுகிறார்கள், நாம் பார்த்துத் திருத்துகிறோம். நாம் எழுதினால் கால் மணியில் முடிவது, அவர்கள் எழுத ஒரு மணி பிடிக்கிறது. ஒரு பாரம் பிழையாகி ஒரு முறை திரும்பியும் வந்தது. பாட்டியின் பேரனே அதனை எழுதியவன். மறுமுறை அவனே சரிசெய்து அனுப்பினான். இப்போதெல்லாம் எம் மேசைக்கு முன் வரிசை குறைந்திருக்கிறது. சில மாலைகளில் ஒருவரும் வருவதில்லை. அந்த வெறுமை எமக்குச் சற்றே சுடுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. சுடட்டும்.

நேயர்களே! உங்கள் ஊர்ச் சங்கத்தில் நீங்கள் ஒருவரே செய்யும் வேலை யாது என்று இன்று எண்ணிப் பாருங்கள். அதனை மற்றொருவர் கற்கும்படி செய்ய இவ்வாரமே தொடங்குங்கள். நம்மை நம்பி நிற்போர் தொகை பெருகுவதை நாம் தலைமை என்று கொண்டிருந்தது போதும். நம் துணையின்றி நிற்போர் தொகை பெருகுவதற்கு உழைப்போமாக.