எழுத்தைக் காத்தலும் ஏட்டைக் கலைத்தலும்

ஒரு பொருளைப் பழுதுபார்ப்பவன் அதனைக் காக்கிறானா, மாற்றுகிறானா? இவ்வினாவை நாம் அறநூல்களிலும் சீர்திருத்த மேடைகளிலுமே சந்தித்துப் பழகியிருக்கிறோம். செடிகொடிகளின் உயிரணுவுக்குள்ளும் இதே வழக்கு கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடந்து வருகிறது. தாம்பரத்தில் 1937 முதல் இயங்கிவரும் கிறித்துவக் கல்லூரியிலும், வண்டலூரில் 1984இல் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் நிறுவிய கிரசண்ட் கல்லூரி வளர்ந்தெழுந்த பல்கலைக்கழகத்திலும் உயிரியல் பயிலும் நம் பிள்ளைகள் இதனைப் பாடமாகப் படிக்கக்கூடும். பெற்றோராகிய நாமும் சற்றே நின்று நோக்கத் தக்க செய்தி இது.

உயிரணுவுக்கு ஆற்றல் வழங்கும் நுண்ணுறுப்பு மைட்டோகாண்ட்ரியா. அதற்கெனத் தனியாக ஒரு டி.என்.ஏ. ஏடு உண்டு. மனிதனிடம் அந்த ஏட்டின் நீளம் 16,569 எழுத்துகள். நோன்பு திறக்க நாம் கையிலெடுக்கும் பேரீச்சம்பழத்தின் மரத்திலோ ஏழு இலட்சத்துக்கும் மேல்! தென்னையிலும் ஆறே முக்கால் இலட்சத்துக்குக் குறையாது. நீளத்தைவிட வியப்பானது வேறொன்று. 1988இல் பாமர், ஹெர்பன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் முட்டைக்கோசு, டர்னிப்பு ஆகியவற்றின் ஏடுகளை ஒப்பிட்டனர். எழுத்துகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன; அவை அடுக்கப்பட்டிருந்த வரிசையோ பெரிதும் மாறிக் கிடந்தது. விலங்குகளில் நிலைமை இதற்கு நேர்மாறு: வரிசை பெரும்பாலும் நிலைத்திருக்கும், எழுத்துகள் விரைந்து மாறும்.

காரணம் பழுதுபார்க்கும் முறையில் இருப்பதாக அறிஞர் கருதுகின்றனர். டி.என்.ஏ. இழை அறுந்தால், செடி அதே ஏட்டின் மற்றொரு படியைத் தேடிச் சென்று, அதனைப் பார்த்து அறுந்த இடத்தை எழுதிக் கொள்கிறது. ரமளான் இரவுகளில் நாம் கேட்டறியாத காட்சியா இது? தராவீஹில் ஓதிக்கொண்டிருக்கும் இமாம் ஓரிடத்தில் தடுமாறுவார், பின்வரிசையில் நிற்கும் ஹாபிழ் உடனே எடுத்துக் கொடுப்பார், ஓதுதல் தொடரும். ஒரு நெஞ்சிலிருந்து நழுவியது இன்னொரு நெஞ்சில் இருக்கிறது. படிகள் பலவாக இருப்பதும், அவை ஒன்றையொன்று சந்திப்பதுமே காவல். செடியின் மைட்டோகாண்ட்ரியாக்களும் அவ்வப்போது ஒன்றோடொன்று கலந்து பிரிகின்றன. எம்.எஸ்.எச்.1 என்னும் மரபணு இத்திருத்தத்தைக் கண்காணிப்பதாகத் தெரிகிறது. அது செயலிழந்த செடிகளில் எழுத்துப் பிழைகள் மிகுந்ததை 2020இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

ஆயினும் இதே திருத்தம் சில வேளை ஏமாந்தும் போகும். சரியான படியை விடுத்து, தோற்றத்தில் ஒத்த வேறோர் இடத்தில் இழையைக் கொண்டுபோய் ஒட்டிவிடும். உயிருக்கு இன்றியமையாத மரபணுவுக்குள் அவ்வாறு நேர்ந்தால் அந்தச் செடி நிலைக்காது. மரபணுக்களுக்கு இடைப்பட்ட வெற்றிடங்களில் நேர்ந்தால் கேட்பாரில்லை. அங்கே வரிசை குலையும், ஏடு பருக்கும்.

நம் சமுதாயத்தில் எத்தனை பூசல்கள், எழுத்து எது, வரிசை எது என்று பிரித்தறியாமையால் விளைந்தவை! நம் முன்னோர் மார்க்க நூல்களை அரபுத்தமிழில் எழுதினர். அவ்வழக்கு தேய்ந்து தமிழ் எழுத்து அதன் இடத்தைப் பிடித்தது. ஈமான் அதனால் தேய்ந்துவிடவில்லை. ஆனால் இழப்பே இல்லை என்று சொல்லிவிடவும் நம்மால் இயலாது. பாட்டியாரின் பெட்டியிலுள்ள நூலைப் பேரன் படிக்க மாட்டாமல் நிற்கிறானே! வரிசை மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு. அதனை யார் கொடுப்பது என்று முன்கூட்டி யாரும் கேட்பதில்லை.

தவறான ஒட்டு எப்போதும் தீங்குதானா? 1970இல் சீனத்தின் ஹைனான் தீவில் மகரந்தம் பாழ்பட்ட காட்டு நெல் ஒன்றைக் கண்டெடுத்தனர். மைட்டோகாண்ட்ரியத் துண்டுகள் பல இணைந்து உருவான ஒரு மரபணுவே அதற்குக் காரணம் என்று 2013இல் விளங்கிற்று. செடிக்குக் குறையான அந்த ஆண்மலட்டுத்தன்மையைக் கொண்டே வீரிய ஒட்டு நெல் உண்டாக்கப்பட்டது. 1994இல் தமிழகத்தில் எம்.ஜி.ஆர். பெயரோடு வெளியான கோ.ஆர்.எச்.1 அவ்வழி வந்ததே. ஒருவர் குறை மற்றவர் நிறையாவது இயற்கையில் புதிதன்று.

ஆனால் அதே 1970இல் அமெரிக்காவில் நேர்ந்ததை மறத்தலாகாது. அங்கும் இத்தகைய ஒட்டால் பிறந்த டெக்சாஸ் வகை ஆண்மலட்டு மக்காச்சோளம், விதைத்த பரப்பில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பரவியிருந்தது. அப்புது மரபணு ஆக்கிய புரதமே ஒரு பூசண நஞ்சுக்கு வாயில் திறந்துவிட, நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் அழிந்தது. பிழையைப் பயன்கொண்டதை நாம் குறைகூறோம். மற்றப் படிகளையெல்லாம் கைவிட்டு ஒன்றையே நம்பியதைத்தான் குறைகூற வேண்டியிருக்கிறது.

வீரிய ஒட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் விளைச்சலிலிருந்து எடுத்து வைத்த விதை மறு ஆண்டு தாயைப்போல் முளைப்பதில்லை. உழவர் ஒவ்வொரு பருவமும் கடைக்குச் செல்ல வேண்டும். செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளின் கீழே ஒருகாலத்தில் நெல் பயிரிட்டவர்கள் அடுத்த பருவத்துக்கான விதையைத் தம் வீட்டுக் குதிரிலிருந்தே எடுத்தனர்.